போகிக்குக் கழித்தது

விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிய நாள் 2020 ஜனவரி 14. நம் காலண்டரில் அன்றைக்குப் போகி. இனி பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவும் வராது, மாறிக்கொள்ளுங்கள் என்று ஊர் உலகமெல்லாம் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்குக் காரைக்கால் பக்கத்தில் எங்கள் ஊரான பட்டினச்சேரிக்கு வந்திருந்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மின் வேலை. அந்த மிதப்பு வேறு. சித்தப்பாவின் லேப்டாப் விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கை பரபரத்தது.

அது சித்தப்பா மகள் வாஞ்சூரில் மாநில எல்லை தாண்டி நாகூரில் படித்தபோது தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பக்கத்திலேயே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பாஸ் பக்கம் யாரும் போனதில்லை. ஸ்டார்ட்டரில் திரைப் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. அத்தனை சிக்கனமான பதிப்பு. ராம் 2 ஜிபி. அவள் கல்யாணமாகிப் போன பிறகு சித்தப்பா அதை எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவர். ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கணக்கு எழுதுவது அவர்தான். தலைக்கட்டு வரி, மீன்வளத் துறைக்கு மனு, மாசிமகச் செலவு எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். (மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எங்கள் கரைக்கு வருவார். ஊருக்கு அவர் மாப்பிள்ளை முறை. மாப்பிள்ளையை வரவேற்கிற வீட்டில் செலவுப் பட்டியல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.) இதெல்லாம் போக, தனக்கென்று ஒரு ஃபைல் வைத்திருந்தார். தாத்தா கட்டுமரம் போன காலத்தில் கண்டதையெல்லாம் சொல்லச் சொல்ல அடித்தது. கொண்டல் காற்றில் என்ன மீன், சோழகத்தில் என்ன, வாடை கிளம்பினால் எத்தனை பாகம் ஆழத்தில் வலை போட வேண்டும், எந்தக் கோபுரமும் எந்தப் பனையும் நேர்கோட்டில் தெரிந்தால் அடியில் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிறது என்று. தாத்தா 2018-லேயே போய்விட்டார்.

“இதை இன்னுமா வெச்சிருக்கீங்க? வைரஸ் வந்தா அத்தனையும் போயிரும் சித்தப்பா” என்றேன். உள்ளதை உள்ளபடி வைத்துக்கொண்டே விண்டோஸ் 10-க்கு ஏற்றுகிற வழி இருந்தது. எனக்கு அது பிடிக்காது. துடைத்துவிட்டுப் போட்டால்தான் சுத்தம் என்பது என் கட்சி. ஃபைல்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். சி, டி என்று எந்த மூலையையும் விடவில்லை. அந்த விஷயத்தில் நான் ஒழுங்குதான். பிறகு ஹார்ட் டிஸ்கை முழுசாக ஃபார்மட் அடித்தேன்.

பொங்கல் பானை பொங்கி இறக்கி, சாப்பிட்டும் முடித்த பிறகுதான் இன்ஸ்டால் முடிந்தது. திறந்தால் ஆமை வேகம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்திலேயே நின்றது. “போகப் போகச் சரியாயிரும்” என்றேன். அப்படிச் சரியானதாகச் சரித்திரம் இல்லை.

ஃபைல்களைத் திரும்ப ஏற்றித் திறந்தபோது ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக இறைந்து கிடந்தன. தாத்தா ஃபைல் எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, ஹெச் என்று தொடங்கியது. “ஜி.ஹெச். எல்லாம் வருது, ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்போல” என்று ஜோக் அடித்தேன். ஏற்கனவே வைரஸ் தின்றுவிட்டது என்று தீர்ப்பும் சொன்னேன். அந்த லேப்டாப்புகளில் பென் டிரைவ் வழியாக வராத வைரஸ் இல்லை என்பதால் எனக்கே அது நம்பும்படி இருந்தது. புதுச் சிஸ்டத்துக்கும் பரவிவிடக் கூடாதே என்று லேப்டாப்பிலிருந்து அழித்தேன். பென் டிரைவையும் ஃபார்மட் செய்தேன். பக்கத்தில் நின்றிருந்த சித்தப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். “சரிய்யா, நீ பாத்து செய்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். பென் டிரைவில் அன்று ராத்திரியே படங்களை ஏற்றிக்கொண்டேன்.

அதன்பின் தலைக்கட்டுப் பட்டியலைப் பழைய நோட்டைப் பார்த்து மறுபடி எழுதினார், கையால். லேப்டாப் பரணுக்குப் போனது.

பல வருஷம் கழித்து, காரைக்காலில் ஒரு டைப்பிங் சென்டரில் பத்திரம் ஒன்று அடிக்கக் காத்திருந்தேன். அங்கே டைப் அடிக்கிற பெண் எனக்கு முன்னால் வந்தவரின் நினைவஞ்சலி அட்டையை முடித்துக்கொண்டிருந்தார். மேலே பெரிய எழுத்தில் ‘அப்பா’. எழுத்துருப் பட்டியலில் எதையோ தேடியவர் கை தவறி ஏரியலைத் தட்டிவிட்டார். திரையில் இருந்த தமிழ் மொத்தமும் மறைந்தது. ‘அப்பா’ இருந்த இடத்தில் எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, ஹெச்.

அவர் பதறவில்லை. கன்ட்ரோல் இசட் அழுத்தினார். ‘அப்பா’ திரும்ப வந்துவிட்டார்.

நான் எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். இன்னொரு தரம் மாற்றிக் காட்டச் சொன்னேன். விநோதமாகப் பார்த்தார், ஆனாலும் மாற்றினார். அதே ஐந்து. “பாமினி ஃபாண்ட் சார். அது இல்லாத சிஸ்டத்துல தொறந்தா இப்படித்தான் தெரியும். ஃபாண்டைப் போட்டா சரியாயிரும்.”

தமிழுக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றது. ஆனால் பாமினி அந்த வழியில் வந்ததல்ல. ஆங்கில எழுத்துகள் இருக்கிற இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. கணினிக்கு அது ஆங்கிலம்தான். கண்ணுக்கு மட்டும் தமிழ். டைப்ரைட்டர் வரிசையிலேயே விசைகள் இருப்பதால் ‘யளனகப’ பழகிய விரல்கள் அதை விடுவதில்லை. கைபேசியில் மட்டுமே தமிழ் அடித்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. சித்தப்பாவின் ஃபைல்கள் ஒரு எழுத்துகூடச் சேதமாகாமல் இருந்திருக்கின்றன. எழுத்துரு இருந்தது விண்டோஸ் ஃபோல்டருக்குள். எந்த மூலையையும் விடாத நான் அதை மட்டும் எடுக்கவில்லை.

பத்திரத்தை வாங்கிக்கொண்டு நேரே சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கே தெரியும்ய்யா. கடையில பிரின்ட் எடுக்கப் போறப்ப அப்பப்ப அப்படி வரும். எழுத்தை ஏத்துனா சரியாயிரும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே சித்தப்பா.”

“நீ வைரஸுன்னே. கம்ப்யூட்டர் படிச்சவன் நீயா, நானா?”

ஹார்ட் டிஸ்கையும் பென் டிரைவையும் மீட்டுத் தருகிற கடை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றின் மேல் விண்டோஸ், இன்னொன்றின் மேல் சினிமா. ஒன்றும் தேறவில்லை.

லீவுக்கு வரும்போதெல்லாம் இப்போது சித்தப்பா சொல்கிறார், நான் அடிக்கிறேன், யூனிகோடில். காற்றுகள் தடையில்லாமல் வருகின்றன. பார் இருக்கிற இடத்துக்கு வந்தால் எந்தப் பனை, எத்தனை பாகம் என்று தடுமாறுகிறார். “அது அப்பாவுக்குத்தான் தெரியும். எடத்தை விட்டுட்டு மேல போ” என்கிறார். விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.