பெஞ்சில் அமர்ந்திருந்த வீரர்

பேலேயைப் பற்றியும் பிராட்மனைப் பற்றியும் பி.டி. உஷாவைப் பற்றியும் எழுதுவோர் பலர். பதிமூன்று பருவங்கள் தொழில்முறைப் பேஸ்பால் அணிகளில் இருந்தும், பாதி ஆட்டங்களைக்கூட ஆடாத ஒருவரைப் பற்றி எழுதப் போகிறோம் என்று நாங்கள் சொன்னதும் வகுப்புத் தோழியர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! அவருடைய பெயர் லூயிஸ் சோஹோ. ஆங்கிலத்தில் எழுதும்போது 'சோஜோ' என்றுதான் வாசிக்கத் தோன்றும். ஆனால் அவர் ஸ்பானிய மொழி பேசும் வெனிசுவேலா நாட்டுக்காரர். அம்மொழியில் அவ்வெழுத்துக்கு 'ஹ' ஓசை.

'நாங்கள்' என்றால் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி சாஃப்ட்பால் அணியில் பன்னிரண்டு பேர். களத்தில் ஒன்பது பேர். மீதி மூவர் பெஞ்சில். அந்த மூவரே நாங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து இந்தப் பெஞ்சு எங்களுக்குப் பழக்கம். கிளவுஸ்களை எண்ணி வைப்பது, ஸ்லக்கர் என்று நாங்கள் சொல்லும் மட்டையை எடுத்துக் கொடுப்பது, தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொள்வது, ஸ்கோர் எழுதுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. இதில் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, ஆகவே சொல்லவில்லை.

வரலாறு கற்பிக்கும் சிஸ்டர் ஒருவர் சில காலம் அமெரிக்காவில் படித்தவர். சென்ற ஆண்டு ஒரு மழை நாளில் விளையாட்டுப் பிரிவேளை நடக்காமல் போனது. அன்று அவர் பழைய பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் அக்காள் தங்கை போன்றவை. எங்கள் ஆட்டத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் அறுபது அடி. அவர்கள் ஆட்டத்தில் தொண்ணூறு அடி. பந்து எறியும் விதமும் வேறு. மற்றபடி விதிகள் பெரும்பாலும் ஒன்றே. அப்படத்தில்தான் சோஹோவை முதன்முதலாகக் கண்டோம். அதன் பின் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தோம்.

பேஸ்பாலில் உள்வட்டத்தில் நான்கு ஆட்டக்காரர்கள் நிற்பார்கள். முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் ஆகியவற்றைக் காப்பவர் மூவர். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஒருவர். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே வேலை போலத் தோன்றும். உண்மையில் அப்படியல்ல. மூன்றாம் பேஸில் நிற்பவருக்குப் பந்து குண்டு போல வரும். யோசிக்க நேரமே இராது. ஷார்ட்ஸ்டாப் ஓடிப் பிடித்து, நெடுந்தூரம் எறிய வேண்டும். இரண்டாம் பேஸ்காரரோ, தன்மேல் மோத வருபவரைப் பார்த்துக்கொண்டே காலால் பேஸைத் தொட்டு, உடலைத் திருப்பி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். இந்த இடங்களில் எவர் இல்லாவிட்டாலும் போய் நிற்கக்கூடியவரை 'யுடிலிட்டி இன்ஃபீல்டர்' என்பர். ஆபத்துக்கு உதவும் ஆள் என்று நாம் சொல்லலாம்.

கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆளைப் போன்றவரா இவர் என்று கேட்டால், இல்லை. பன்னிரண்டாவது ஆள் பந்து பொறுக்கலாம். மட்டை பிடிக்க முடியாது. பேஸ்பாலில் உள்ளே வரும் மாற்று ஆட்டக்காரர் மட்டையும் பிடிப்பார். ஆனால் ஒரு கடுமையான விதி உண்டு. வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஆகவே உள்ளே போன மாற்று ஆளை மறுபடி மாற்றாவிட்டால் கடைசி வரை அவர்தான்; நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அவர் தலையில்தான்.

சோஹோ 1965-இல் காரகாஸ் நகரின் பெட்டாரே பகுதியில் பிறந்தார். 1990-இல் டொரொண்டோ புளூ ஜேஸ் அணியில் பெரிய லீக் ஆட்டத்துக்கு வந்தார். பிறகு கலிபோர்னியா, மீண்டும் டொரொண்டோ, சியாட்டில், நியூயார்க், பிட்ஸ்பர்க், மீண்டும் நியூயார்க். வாசிக்கும்போதே ரயில்வே அட்டவணை போல இல்லையா? அணிகள் அவரை மாற்றிக்கொண்டே இருந்தன. பெரிய லீக்கில் ஒரு முழுப் பருவம் என்பது 162 ஆட்டங்கள். பதிமூன்று பருவங்களில் அவர் ஆடியவை 848 ஆட்டங்கள்தான். வேலியைத் தாண்டி அடித்த ஹோம் ரன்கள் 36. சில பெரிய வீரர்கள் ஒரே ஆண்டில் இதைவிட அதிகம் அடித்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தாய்நாடு திரும்பி, கார்டெனாலெஸ் தெ லாரா என்னும் வெனிசுவேலா அணிக்கு ஆடுவார். அங்கே அவர் நட்சத்திரம்! அமெரிக்காவுக்கு வந்தால் பெஞ்சு. ஒரே மனிதருக்கு ஓர் ஊரில் மாலை, மற்றோர் ஊரில் காத்திருப்பு.

1995 அக்டோபர் 2. சியாட்டில் மரினர்ஸ் அணியும் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியும் பருவ முடிவில் சமமாக நின்றதால், ஒரே ஓர் ஆட்டத்தில் வெற்றியாளரை முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஏழாவது இன்னிங்ஸ். சியாட்டில் 1, ஏஞ்சல்ஸ் 0. மூன்று பேஸ்களிலும் ஆட்கள். மட்டையுடன் சோஹோ. மட்டை உடைந்தது; ஆனால் பந்து முதல் பேஸ் கோட்டை ஒட்டி உருண்டோடி, ஓரத்தில் போட்டிருந்த பெஞ்சின் அடியில் புகுந்துகொண்டது. அதைத் தேடி எடுத்து எறிவதற்குள் மூவரும் ஓடி வந்துவிட்டார்கள். எறிந்த பந்தும் தவறிப் போகவே சோஹோவும் ஓடி வந்து சேர்ந்தார். நான்கு ஓட்டங்கள்! ஆட்டம் 9-1 என்று முடிந்தது. பந்து பெஞ்சின் அடியில் போய் ஒளிந்தது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. பெஞ்சும் தன் ஆளுக்கு ஓர் உதவி செய்தது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள்.

அதற்கு அடுத்த ஆண்டே சியாட்டில் அவரை விட்டுவிட்டது. 1996 ஆகஸ்டில் நியூயார்க் யாங்கீஸ் எடுத்துக்கொண்டது. அங்கே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் இளம் வீரர் டெரிக் ஜீட்டர் இருந்தார்; அவர் ஆட்டத்தைத் தவறவிடுவது அபூர்வம். எனினும் சோஹோ இருந்த காலத்தில் யாங்கீஸ் 1996, 1998, 1999, 2000 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது.

1999-ஆம் ஆண்டைப் படித்தபோது எங்களுக்கு மனம் கனத்தது. அந்த ஒரே பருவத்தில் அவ்வணியின் மூன்று வீரர்கள் தம் தந்தையரை இழந்தார்கள். ஸ்காட் பிரோஷஸ், பால் ஓநீல், சோஹோ. சோஹோவின் தந்தை இறந்தது உலகத் தொடர் தொடங்கும் வேளையில். அவர் வெனிசுவேலாவுக்குப் போய், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அணிக்குத் திரும்பினார். ஓநீல் தந்தை இறந்த அன்றிரவே களத்தில் நின்றார். வெற்றி கிடைத்ததும் அழுதார். நிரந்தர ஆட்டக்காரரின் கண்ணீரைக் கேமராக்கள் படம் பிடித்தன. பெஞ்சுக்காரரின் துயரத்தை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

இங்கே எங்கள் மனத்தைக் குடையும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். மாற்று ஆட்டக்காரருக்கு வாய்ப்பு எப்போது வருகிறது? பிறருக்குத் துன்பம் வரும்போதுதான்! இவ்வாண்டு மண்டலப் போட்டிக்கு நான்கு நாட்கள் முன்பு எங்கள் ஷார்ட்ஸ்டாப் தோழிக்குக் கணுக்கால் பிசகியது. எங்களில் ஒருத்தி அவள் இடத்தில் ஆடினாள். வகுப்பில் பலர் வந்து கை குலுக்கினார்கள். அதே வகுப்பில், மூன்றாவது பெஞ்சில், காலில் கட்டுடன் எங்கள் தோழி அமர்ந்திருந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள். 'வாழ்த்துகள்' என்று சொல்பவரிடம் 'நன்றி' என்று சொல்வது அவ்வளவு கடினமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

சோஹோவுக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. யாங்கீஸ் அணியின் இரண்டாம் பேஸ்காரர் சக் நாப்லாக். 1997-இல் தம் இடத்தின் சிறந்த காப்பாளருக்கான தங்கக் கையுறை விருது பெற்றவர். அப்படிப்பட்டவருக்குத் திடீரென முதல் பேஸுக்கு எறிய முடியாமல் போனது. கையில் காயம் ஒன்றும் இல்லை. சிறு பிள்ளையும் எறியக்கூடிய தூரம். ஆனால் பந்து எங்கெங்கோ போயிற்று. 2000 ஜூனில் அவர் எறிந்த ஒரு பந்து, பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பெண்மணியின் முகத்தில் பட்டது. ஆயிரக்கணக்கானோர் நடுவில் அம்மனிதர் எவ்வளவு வெட்கப்பட்டிருப்பார்! அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் பிட்ஸ்பர்க்கில் இருந்த சோஹோவை யாங்கீஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் போய் நின்ற இடம், நாப்லாக் நின்றிருந்த இடம்.

சிஸ்டர் காட்டிய படம் அந்த அக்டோபரில் நடந்தது. உலகத் தொடரில் மோதிய இரண்டு அணிகளுமே நியூயார்க் நகரத்தவை. யாங்கீஸும் மெட்ஸும் சுரங்க ரயிலில் ஏறி ஒருவர் மைதானத்துக்கு மற்றவர் போகலாம் என்பதால் அதற்குச் 'சப்வே தொடர்' என்று பெயர். அத்தகைய தொடர் 1956-க்குப் பிறகு அப்போதுதான் நடந்தது. முதல் ஆட்டம் பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை நீண்டது. அதை முடித்து வைத்த அடி ஹோசே விஸ்கைனோவுடையது. அவரும் பல அணிகள் சுற்றிய யுடிலிட்டி இன்ஃபீல்டர்தான். அன்று இரண்டாம் பேஸில் நின்றவர்.

ஐந்தாம் ஆட்டம், அக்டோபர் 26, மெட்ஸின் ஷே மைதானம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-2. யாங்கீஸ் இருவரை இழந்துவிட்டது. மெட்ஸின் அல் லைட்டர் மாலையிலிருந்து ஒருவராகவே எறிந்துகொண்டிருக்கிறார். முகமெல்லாம் வியர்வை. ஒருவர் நடந்து பேஸுக்குப் போகிறார். அடுத்து பிரோஷஸ் ஓர் அடி அடிக்கிறார். இப்போது மட்டையுடன் வருபவர், ஆட்டத்தின் பின்பகுதியில் மாற்று ஆளாக உள்ளே வந்த சோஹோ. பார்ப்பதற்கு விளையாட்டு வீரரைப் போலவே இல்லை. தபால் கொடுக்க வரும் மாமாவைப் போலத் தடித்த உருவம். லைட்டர் எறிகிறார். அன்று அவர் எறிந்த 142-வது பந்து. சோஹோவுக்கு முதல் பந்து.

அழகான அடி என்று சொல்ல முடியாது. பந்து துள்ளித் துள்ளி நடுவே போயிற்று. அதை யாரும் எட்ட முடியவில்லை, அவ்வளவுதான். நடுக்களத்திலிருந்து எறிந்த பந்து, ஓடி வந்து சறுக்கிய ஹோர்கே போஸாடாவின் மேல் பட்டுத் தெறித்து ஓடியது. அவர் பின்னே பிரோஷஸும் வந்துவிட்டார். 4-2. சற்று நேரத்தில் தொடர் முடிந்தது. சிறந்த ஆட்டக்காரர் பரிசு ஜீட்டருக்குக் கிடைத்தது. அது நியாயமே, அத்தொடர் முழுவதும் அவர் அருமையாக ஆடினார். ஆனால் தொடரின் முதல் வெற்றியையும் கடைசி வெற்றியையும் முடித்துத் தந்தவர்கள் அணியின் இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள். இதைச் சொன்னபோது எங்கள் விளையாட்டு ஆசிரியைகூட 'அப்படியா!' என்றார்.

இரண்டு முறை படத்தை ஓட்டச் சொல்லிப் பார்த்தோம். இரண்டாம் முறை நாங்கள் பந்தைப் பார்க்கவில்லை; சோஹோவின் முகத்தையே பார்த்தோம். மட்டை பிடிக்க நடந்து வரும்போது பதற்றம் ஏதும் தெரியவில்லை. ஆட்டத்தின் பெரும்பகுதியில் பெஞ்சில் இருந்தவர், அந்தப் பந்து எறிபவரை ஒன்பது இன்னிங்ஸ் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் அல்லவா? பெஞ்சில் இருப்பவர்களுக்குத்தான் ஆட்டம் முழுவதும் தெரியும் என்று நாங்கள் பல நாளாகச் சொல்லி வருகிறோம். ஸ்கோர் புத்தகம் எழுதுகிற கைக்கு, எதிரணிப் பெண் எந்தப் பக்கம் அடிப்பாள் என்பது மனப்பாடம்.

2001-உடன் அவர் ஆட்டத்தை விட்டார். 2002-இல் நார்விச் என்ற சிற்றூர் அணிக்கு மேலாளரானார். அந்த ஆண்டே அவ்வணி தன் லீக்கில் முதலிடம் பெற்றது. அதன் பின் நடந்ததுதான் வேடிக்கை. 2003-இல் யாங்கீஸ் நடத்திய 'பழைய ஆட்டக்காரர்கள் தின' விளையாட்டில், ஓய்வு பெற்ற முதியவர்களோடு சோஹோவும் கலந்துகொண்டார். ஹோம் ரன்னும் அடித்தார். சில வாரங்கள் கழித்து, செப்டம்பரில், அணிக்கு ஆள் தேவைப்பட்டது. பழைய ஆட்டக்காரர் அதே ஆண்டில் மறுபடியும் புதிய ஆட்டக்காரர் ஆனார்! மூன்றே ஆட்டங்கள். ஓய்வு பெற்ற தாத்தாவைத் திரும்ப அலுவலகத்துக்குக் கூப்பிட்டது போல என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு யாங்கீஸின் மூன்றாம் பேஸ் பயிற்சியாளராக இருந்தார். ஓடி வருபவரை நிற்கச் சொல்வதா, தொடர்ந்து ஓடச் சொல்வதா என்று கையசைத்துக் காட்டும் வேலை அது. 2006, 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் நடந்த உலகப் பேஸ்பால் போட்டிகளில் வெனிசுவேலா நாட்டு அணிக்கே அவர் மேலாளர். 2009-இல் அவ்வணி அரையிறுதி வரை சென்றது. அதில் இருந்தவர்களில் பலர் அமெரிக்காவில் புகழ்பெற்ற நிரந்தர ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு நாளும் அவர்களில் ஒன்பது பெயரை எழுதி, மற்றவர்களைப் பெஞ்சில் அமரச் சொல்ல வேண்டியவர் சோஹோ. அந்தப் பட்டியலை அவர் எப்படி வாசித்திருப்பார், பெஞ்சில் இருப்பவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்று நாங்கள் மூவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.