'இருந்தால்' என்னும் ஒரு சொல்

ஆங்கிலம் பயிலும் எம் பிள்ளைகளுக்குப் பெருந்தொல்லை தருவது யாதென வினவின், எழுத்துக்கூட்டலே எனப் பலர் கூறுவர். பல்லாண்டு காலம் ஆங்கில வகுப்பு நடத்திய அனுபவத்தைக் கொண்டு நான் வேறொன்றைக் கூறுவேன். 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியமே அது.

காரணம் எளிது. "பணம் இருந்தால் அந்த நூலை வாங்குவேன்" என்று ஒருவன் தமிழிலே சொல்கிறான். அவனிடம் பணம் உண்டோ இல்லையோ என்பது அவ்வாக்கியத்தால் மட்டும் புலனாகாது. சட்டைப்பையைத் தடவிப் பார்க்கப் போகிறவனும் அவ்வாறே சொல்வான். வெறுங்கையன் பெருமூச்சோடு சொல்வதும் அதுவே. அவர்தம் குரலும் முகமுமே வேற்றுமையை உணர்த்தும். ஆங்கிலமோ அவ்வேற்றுமையை வினைச்சொல்லிலேயே வைத்திருக்கிறது. முன்னவன் 'இஃப் ஐ ஹாவ் மணி, ஐ வில் பை இட்' என்பான். பின்னவன் 'இஃப் ஐ ஹாட் மணி, ஐ வுட் பை இட்' என்பான். இங்கே 'ஹாட்' என்பது வடிவிலே இறந்தகாலம். பொருளிலோ இன்றைய இல்லாமை.

"இன்று இல்லாத பணத்துக்கு இறந்தகாலம் எதற்கு, சேர்?" என்று மாணவர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் தமிழையே எடுத்துக் காட்டுவேன். 'நாளை வந்தால்' என்கிறோம். நாளை என்பது எதிர்காலம். ஆயினும் 'வந்தால்' என்பதிலே நிற்பது 'வந்தான்' என்பதிலுள்ள அதே இறந்தகால வடிவமன்றோ? கண்டால், போனால், படித்தால் என்பனவும் அவ்வாறே. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததுபோல் வைத்துப் பேசுவது எமக்குப் புதிதன்று.

வகைகள் நான்கென நினைவிற் கொள்ளலாம். நீரைச் சூடாக்கினால் ஆவியாகும் என்பது போன்ற என்றுமுள்ள உண்மைக்கு இரு பகுதியிலும் நிகழ்காலம் வரும். நடக்கக்கூடியதற்கு 'இஃப்' பகுதியிலே நிகழ்காலமும், மற்றதிலே 'வில்' என்பதும் வரும். வெறுங்கற்பனைக்கு இறந்தகாலமும் 'வுட்' என்பதும் வரும். 'நான் நீயாக இருந்தால்' என்பதற்கு 'இஃப் ஐ வேர் யூ' என எழுதுவது இவ்வகையே. நடந்து முடிந்ததை மாற்றி எண்ணுவதற்கு 'ஹாட்' என்பதோடு வினையெச்ச வடிவமும், மறுபகுதியிலே 'வுட் ஹாவ்' என்பதும் வரும்.

இவை பரீட்சைப் புள்ளிக்கு மட்டும் உரியன அல்ல. வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணொருத்தி, "வேலை கிடைத்தால் உடனே வந்து சேர்வேன்" என்னுங் கருத்தை 'வுட்' கொண்டு எழுதினால், கிடைக்குமென்ற நம்பிக்கை அவளுக்கே இல்லைப்போலும் என்று படிப்பவர் எண்ணக்கூடும். 'வில்' என்று எழுதுவாளாயின் அவள் ஆயத்தமாய் நிற்பது தெரியும்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி எம் கரையோரங்களை அழித்ததை யாவரும் அறிவர். அடுத்த ஆண்டிலே நான்காம் வகையைப் படிப்பித்து முடித்து, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதும்படி வகுப்பிலே சொன்னேன். பரீட்சையிலே சித்தியடையாதிருந்தால், பஸ்ஸைத் தவறவிடாதிருந்தால் என்று பலர் எழுதினர். ஒரு மாணவி மட்டும் 'இஃப் த சீ ஹாட் நொட் கம், மை பிரதர் வுட் பீ வித் அஸ்' என்று எழுதியிருந்தாள். கடல் வராதிருந்தால் அண்ணா எங்களோடு இருப்பார் என்பது பொருள். பக்கத்திலிருந்த பிள்ளை எட்டிப் பார்த்து, "'வுட் ஹாவ்' அல்லவா வரவேண்டும்?" என்றாள்.

நான் அவ்வாக்கியத்துக்குச் சரியெனக் குறியிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். கடல் வந்தது சென்ற காலம்; அண்ணன் இல்லாமையோ இன்றும் அவ்வீட்டில் உள்ளது. நிபந்தனை ஒரு காலத்தையும் விளைவு மற்றொரு காலத்தையும் சேருமிடத்து, இரு வகைகளையும் கலந்தே எழுதுதல் வேண்டும். 'வராதிருந்தால் இருப்பார்' எனத் தமிழிலும் நாம் அவ்வாறே கலந்து பேசுகிறோம். அட்டவணையிலே காணாத இவ்விதியை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. சொல்ல வந்த பொருளே அவளுக்கு அதைக் கற்பித்தது.

ஆதலால் மாணவர்களே, 'இஃப்' என்று எழுதுமுன் இரு வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இது நடக்கக்கூடியதா, நடவாததா? எக்காலத்தைப் பற்றி நான் பேசுகிறேன்? 'இஃப்' பகுதி முன்னே வருமாயின் அதன் பின் காற்புள்ளி இடவும் மறவாதீர்கள். பெற்றோரும் வீட்டிலே 'இருந்தால்' என்று பேசும்போதெல்லாம், எந்த 'இருந்தால்' என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். அதற்குத் தமிழிலே விடை கூறத் தெரிந்த பிள்ளைக்கு, ஆங்கில வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது அத்துணைக் கடினமன்று.