மசகு

மசகு என்று ஒரு சொல் இருக்கிறது. மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த சொல். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, வண்டியின் அச்சில் தடவுவார்கள். அதைத் தடவாத வண்டி தெருக்கோடியில் திரும்பும்போதே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்; அப்படி ஓர் அலறல்! இப்போது வண்டியும் குறைந்து போயிற்று. சொல்லும் பாடப் புத்தகத்துக்குள் ஒதுங்கிக் கொண்டது. ஆனால் விஷயம் போய்விடவில்லை. இரண்டு பொருள்கள் உராய்கிற இடத்தில், நடுவே வழவழப்பாக ஏதோ ஒன்று இருந்துதான் தீர வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தால், நடுவில் இருக்கும் அப்பாவி மனிதன் அந்த வேலையைச் செய்கிறான்.

மசகைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்க நேர்ந்தது ஒரு துப்பாக்கியினால். பயந்துவிடாதீர்கள், கதைத் துப்பாக்கிதான். நான் எழுதிக் கொண்டிருந்த சரித்திரக் கதையில் ஒரு சிப்பாய் வருகிறான். அவன் இருட்டில் துப்பாக்கியைக் கெட்டிக்க வேண்டும். 'கெட்டித்தான்' என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு ஊரில் யாருக்கும் இல்லாத கவலைகள் உண்டு. அவன் விரலில் என்ன ஒட்டியிருந்தது? அதன் வாசனை என்ன? இது தெரியாமல் என் பேனா நகர மறுத்தது.

குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதலில் கருமருந்தைக் குழலுக்குள் கொட்டுவார்கள். பிறகு ஈயக் குண்டு. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் குண்டு இப்படியும் அப்படியும் மோதிக் கொண்டு போகும், குறி தவறும். ஆகவே குழலின் உள்ளே திருகாணியின் மரையைப் போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்களை வெட்டினார்கள். குண்டு சுழன்று கொண்டு நேராகப் போயிற்று. ஆனால் அது சுழல வேண்டுமானால் பள்ளத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் வாய் வழியாக உள்ளே இறங்காது. இந்தச் சங்கடத்துக்குக் கண்ட வழி, ஒரு சிறு துணித் துண்டு. துணியில் மசகு தடவி, அதில் குண்டை வைத்துப் பொதிந்து, நீண்ட கோலினால் அழுத்தித் தள்ளினார்கள். அமெரிக்கக் காடுகளில் வேட்டையாடியவர்களும், நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேயத் துப்பாக்கிப் படையினரும் இப்படித்தான் கெட்டித்தார்கள். அந்தத் துணிகளை வைப்பதற்கென்றே துப்பாக்கிக் கட்டையில் மூடி போட்ட சின்ன அறை ஒன்று இருக்கும்.

மசகுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கருமருந்து எரிந்தால் முழுவதும் புகையாகிப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் உப்பும் கரியுமான கசடாக மாறுகிறது. புகையோடு வெளியேறியது போக மிச்சம் குழலில் படிந்து கொள்ளும். வெயில் நாளில் அது ஓடு போல இறுகிவிடும். நாலைந்து முறை சுட்டபின் அடுத்த குண்டு பாதி வழியில் நின்றுவிடும். நல்ல மசகு அந்தக் கசடை இளக்கி வைக்கும். மோசமான மசகோ, கசடோடு சேர்ந்து கொண்டு சதி செய்யும்.

எது நல்ல மசகு? அவசரத்துக்கு எச்சில் போதும் என்றவர்கள் இருந்தார்கள். மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு, கரடிக் கொழுப்பு, திமிங்கில எண்ணெய் என்று தேசத்துக்கு ஒரு கட்சி உண்டு. அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டு முதல் இந்தப் பழைய துப்பாக்கிக்காரர்களுக்குத் தேசியச் சங்கம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் காப்பிக்கு எவ்வளவு சிக்கரி கலக்கலாம் என்று தர்க்கம் செய்கிறார்களே, அப்படி அவர்கள் மெழுகுக்கு எத்தனை பங்கு எண்ணெய் என்று தர்க்கம் செய்கிறார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் என் சிப்பாயின் விரல் எனக்குப் புலப்படவில்லை. தருமபுரியில் ஆசிரியராக இருக்கும் சிநேகிதர் ஒருவர், "புத்தகத்தை மூடிவிட்டுப் புறப்பட்டு வாருங்கள். நல்லம்பள்ளிச் சந்தையில் ஒருவரைக் காட்டுகிறேன்" என்று அழைத்தார்.

நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். பொழுது விடிவதற்குள் எங்கே பார்த்தாலும் ஆடுகள், கயிறுகள், துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலைகள். ஒரு பக்கம் எண்ணெய்க் கடைகள். தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் வரிசையாக நின்றன. 'இருநூறு வருஷத்துக்கு முன்பும் ஒரு சிப்பாய் இப்படி ஒரு சந்தையில்தானே மசகு வாங்கியிருப்பான்!' என்று எண்ணிக் கொண்டேன்.

சிநேகிதர் காட்டிய பெரியவர் இரண்டு வெள்ளாட்டுக் கிடாய்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தகப்பனார் காலத்திலிருந்து உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். அந்தத் துப்பாக்கியில் மரை கிடையாது. குண்டைத் துணியில் பொதிவதும் இல்லை. மருந்தின் மேல் துணியை அடைத்து அழுத்துவதோடு சரி. ஆனால் வாய் வழியாகக் கெட்டிப்பது, கசடு, மசகு எல்லாம் ஒன்றுதான்.

"துப்பாக்கியப் பத்தி எழுதினா உங்க வூட்டுக்குப் போலீசு வராதுங்களா?" என்று சிரித்தார் முதலில்.

"கதைக்குத்தான் பெரியவரே. துணிக்கு எந்தக் கொழுப்பு, எந்த எண்ணெய் நல்லது என்று தெரிய வேண்டும்."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கிடாயின் கழுத்தைத் தடவிக் கொண்டே என்னைப் பார்த்தார்.

"கெட்டிக்கறது யாருங்க? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். "எங்க கடலைக் காட்டுக்குப் பன்னி வரும். நாலு பேரு மாத்தி மாத்திக் காவல் இருப்போம். சத்தங் காட்டி வெரட்டத்தான் துப்பாக்கி. அடைக்கற துணிய ராத்திரியில கத்தி தேடியா அறுக்க முடியும்? பல்லுல கடிச்சுக் கிழிக்கறதுதான். நாலு பேருல ஒருத்தரு கவிச்சி தொடமாட்டாரு. ஆட்டுக் கொழுப்புத் தடவின துணிய அவரு வாயில எப்படிங்க வெக்கச் சொல்றது? அதனால எங்க கொட்டாயில வெளக்கெண்ணெய்தான்."

"ஆட்டுக் கொழுப்பு வேலை செய்யாதா?"

"நல்லாத்தான் செய்யும். உப்புப் படாம உருக்கி எடுத்தா அதுவும் ஒசத்திதான். வேலை செஞ்சா மட்டும் போதுங்களா ஐயா?"

அதன் பிறகு மற்றக் கட்சிகளையும் ஒவ்வொன்றாகத் தீர்த்து வைத்தார். தேங்காயெண்ணெய் தை மாசத்துப் பனியில் உறைந்து போகும். சித்திரையில் தண்ணீராய் ஓடி மருந்தை நனைத்துவிடும். வண்டிக்குப் போடும் கிரீஸ் கூடவே கூடாது. குழலுக்குள் தாராய்ப் பிடித்துக் கொள்ளும். விளக்கெண்ணெய் போட்ட இடத்தில் நிற்கும். அதுவும் அளவோடு வேண்டும். எண்ணெய் மிதமிஞ்சினால் மருந்துக்குள் இறங்கி, குதிரை அடிக்கும், துப்பாக்கி பேசாது. காலையில் சுடுதண்ணீர் விட்டுக் குழலைக் கழுவித் துடைத்து, மறுபடி எண்ணெய் இட வேண்டும்.

முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் சுழல் எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. பெட்ரோலோடு எளிதில் கலக்காது, சூட்டிலும் வழவழப்புக் குறையாது என்று கண்டுபிடித்துச் செய்த ஏற்பாடு அது. பெரியவரிடம் சொன்னேன். "அப்படிங்களா! ஏரோப்பிளானுக்குமா?" என்று தம் உறவுக்காரப் பையனுக்கு உத்தியோகம் கிடைத்தது போலச் சந்தோஷப்பட்டார்.

திரும்பி வரும்போது எண்ணெயை விட அவருடைய கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக் கொண்டது. 'கெட்டிக்கறது யாருங்க?' இந்த ஒரு கேள்விக்குச் செவி கொடுக்காமல் ஒரு பேரரசே ஆட்டம் கண்டிருக்கிறது அல்லவா?

1853-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் என்ஃபீல்டு என்னும் மரைத் துப்பாக்கியை அமைத்தார்கள். அதில் துணிக்குப் பதில் காகிதம். மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் இருக்கும். குண்டு இருக்கும் பக்கத்தில் மசகு பூசியிருக்கும். சிப்பாய் சுருளின் மறு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ள வேண்டும். மசகில் பெரும்பகுதி விலங்குக் கொழுப்பு. இந்திய வெயிலை அது தாங்குமா என்று பார்ப்பதற்காகத் தோட்டாக்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். சிப்பாய்களின் பைகளிலேயே மாதக்கணக்கில் வைத்துச் சோதித்தார்கள். கொழுப்பு தாங்குமா என்று கேட்டார்களே தவிர, சுமக்கிறவன் தாங்குவானா என்று கேட்கவில்லை.

ஒருவர் கேட்டார் என்றும் சொல்ல வேண்டும். வங்காளப் படையின் தலைமை நிர்வாகத்தில் இருந்த கர்னல் டக்கர் என்பவர் 1853 டிசம்பரிலேயே எச்சரித்தார். மசகில் இருப்பது சிப்பாய்களின் மதத்துக்கு ஆகாததல்ல என்று நிச்சயமாகத் தெரியாதவரை, இந்தத் தோட்டாவை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதினார். அந்தக் கடிதத்தினால் பயன் எதுவும் விளையவில்லை. கல்கத்தா ஆயுதசாலையில் கொழுப்பை ஒப்பந்தக்காரர்கள் கொண்டு வந்து கொடுத்தார்கள். அது எந்த மிருகத்தின் கொழுப்பு என்று யாரும் கண்காணிக்கவில்லை.

1857 ஜனவரியில் டம்டம் பாசறையில் செய்தி பரவியது: பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு! இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. மேலதிகாரிகள் அப்போதுதான் விழித்துக் கொண்டார்கள். மசகு பூசாத தோட்டாவைக் கொடுங்கள், சிப்பாய்கள் சந்தையில் தங்களுக்கு இஷ்டமான எண்ணெயும் மெழுகும் வாங்கிப் பூசிக் கொள்ளட்டும் என்று அந்த மாதக் கடைசியிலேயே உத்தரவு பிறந்தது. நல்லம்பள்ளிப் பெரியவர் சொன்ன அதே தீர்ப்புதான்! ஆனால் நாள் கடந்துவிட்டது. பிப்ரவரியில் பாரக்பூர் சிப்பாய்கள் காகிதத்தையே சந்தேகித்தார்கள். பளபளக்கிறதே, கொழுப்பு இல்லாமலா பளபளக்கும் என்றார்கள். பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்று விதியை மாற்றியும் பார்த்தார்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது புதிய தோட்டாவே அல்ல. பல வருஷங்களாகப் பழகிய பழைய தோட்டாதான். அவர்களுக்கு விலங்கு பூட்டிய மறுநாள், மே 10-ஆம் தேதி, மீரட்டில் நெருப்புப் பற்றியது.

புரட்சிக்குத் தோட்டா ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அயோத்தி ராஜ்யத்தைப் பறித்தது, நிலவரிக் கொடுமை, கடல் கடந்தும் போக வேண்டும் என்ற புதிய கட்டளை எல்லாம் உள்ளே குமுறிக் கொண்டிருந்தன. கசடு ஏற்கெனவே குழல் நிறைய இறுகிக் கிடந்தது. அந்த நிலையில் எந்த மசகைத் தேர்ந்தெடுத்தாலும் பிரயோசனமில்லை. நம்பிக்கை போன பிறகு, உலர்ந்த காகிதம்கூடக் கொழுப்பாகத்தான் மின்னும்.

நம் தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் அரை நூற்றாண்டு முன்பே தெரியும். 1806-இல் வேலூர்க் கோட்டையில் புதுத் தொப்பி வந்தது. அதில் தோல் அலங்காரம். தாடி கூடாது, நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது. தொப்பி அழகாக இருக்கிறதா என்று பார்த்தவர்கள், அது யார் தலையில் உட்காரப் போகிறது என்று பார்க்கவில்லை. ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன்பே விடை கிடைத்தது. 1857-இல் கல்கத்தாவில் இருந்தவர்கள் வேலூரை மறந்திருந்தார்கள்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில்தான் அதியமான்கோட்டை. பழைய தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்துப் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன; அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று, புகழ்வது போலக் கேலி செய்கிறார் கிழவி. பள்ளிக்கூடத்தில் படித்தபோது நெய் பூசிய வேலைக் கண்டு நானும் சிரித்தவன்தான்.

இப்போது அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வருவதில்லை. பெரியவரிடம், "உங்கள் துப்பாக்கி இப்போது எங்கே?" என்று கேட்டிருந்தேன். "ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டேனுங்க. கண்ணு மங்கிப் போச்சு. மங்கின கண்ணுக்கு மனுசனும் பன்னியும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை, உரிமமும் முடியவில்லை. தாமாகவே எடுத்துக் கொண்டு போயிருக்கிறார். போகிற அன்று காலையில் குழலைச் சுடுநீரால் கழுவி, வெயிலில் காய வைத்து, கடைசித் தடவையாக விளக்கெண்ணெய் பூசினாராம்.

"இனிமேல் சுடப் போவதில்லையே, எதற்கு?" என்றேன்.

"அதை வாங்கி வெக்கறவங்க கையில துரு ஒட்டக் கூடாதில்லீங்களா?" என்றார் பெரியவர்.