சுவரைத் தாங்குகிறவர்கள்

கிளாஸ்கோ



அண்மைக் காலத்து ஃபேன்டஸி நாவல்களில் என்னைக் கட்டிப்போட்டவை எல்லாமே ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இந்த உலகம் இடிந்து விழாமல் யார் தாங்குகிறார்கள், அவர்களுக்குக் கிடைக்கும் கூலி என்ன? பழைய கதைகளில் உலகைக் காப்பாற்றவென்றே ஒருவன் பிறப்பான். அவன் காப்பாற்றி முடித்த மறுநாள் மதகைத் திறப்பது யார், பாலத்தைச் செப்பனிடுவது யார் என்று அந்தக் கதைகள் கவலைப்பட்டதே இல்லை. இப்போது எழுதுகிறவர்களில் கெட்டிக்காரர்கள் அந்த மறுநாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘தி டெயின்டெட் கப்’ (2024) நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கடலிலிருந்து மலை மலையாய் ராட்சதப் பிராணிகள் கரையேறப் பார்க்கின்றன. கடற்சுவரைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் கதை நடக்கும் பேரரசின் முதல் கவலை. ஒரு பணக்கார மாளிகையில் பொறியாளர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். அவர் உடலைப் பிளந்துகொண்டு மரம் முளைத்திருக்கிறது. துப்புத் துலக்கும் அதிகாரி அனா டொலாப்ரா கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு தன் இருப்பிடத்தை விட்டு நகராதவர். அவருக்காகப் போய்ப் பார்த்து வருகிறவன் டின் என்ற இளைஞன். கண்டது எதுவும் மறக்காதபடி அவன் மூளையை மாற்றியிருக்கிறார்கள். அவனிடம் சின்னச் சின்ன வாசனைக் குப்பிகள் உண்டு. ஓரிடத்தைப் பார்க்கும்போது ஒரு குப்பியை முகர்வான். பிறகு அதையே முகர்ந்தால் பார்த்தது, கேட்டது அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பது மட்டும் பெரும்பாடு. அதை யாரும் அறியாமல் மறைத்துத்தான் வேலையில் இருக்கிறான். வாளேந்திய வீரனைவிட, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய இந்தப் பையனிடம் என் மனம் ஒட்டிக்கொண்டது. 2025இல் அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் ஹியூகோ விருது இந்த நாவலுக்குக் கிடைத்தபோது தகுதியானதற்கே கொடுத்தார்கள் என்று மகிழ்ந்தேன்.

இந்தத் திருப்பத்துக்கு வழி வெட்டியவர் என். கே. ஜெமிசின் என்பேன். அவருடைய ‘புரோக்கன் எர்த்’ வரிசையின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹியூகோ வாங்கின. அதற்கு முன் எவரும் அப்படி வாங்கியதில்லை. நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் உள்ளவர்களை ஊர் வெறுக்கிறது, ஆனால் அவர்கள் இல்லாமல் ஊர் பிழைக்காது. முதல் நாவலில் ஒரு நிலநடுக்கத் தடுப்பு நிலையம் வருகிறது. அதில் ஒரு சிறுவனை நாற்காலியோடு பிணைத்து, மயக்க நிலையிலேயே வைத்து, பூமி அதிராமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு வெகு நேரம் பிடித்தது.

ஆர். எஃப். குவாங்கின் ‘பேபெல்’ (2022) இதே கேள்வியை 1830களின் ஆக்ஸ்ஃபோர்டில் வைத்துக் கேட்கிறது. மொழிபெயர்ப்பின் மாயத்தால் நாடே இயங்கும் அந்த உலகில் மொழிபெயர்ப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலமே சரிகிறது. அருமையான கற்பனை. ஆனால் காலனியம் கொடியது என்பதைக் கதை காட்டிய பிறகும், அடிக்குறிப்பு போட்டு ஆசிரியர் மறுபடி சொல்கிறார். வாசகரை அவர் இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

இங்கே புத்தகக் கடைகளின் முன்மேசையை ஆள்வது காதலும் டிராகனும் கலந்த ‘ரொமான்டஸி’. ரெபெக்கா யாரோஸின் ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வந்து ஒரே வாரத்தில் 27 லட்சம் பிரதிகள் விற்றது. இவ்வளவு பேரைப் படிக்க வைப்பது நல்ல காரியம், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. என் குறை வேறு. அந்த உலகத்தில் போர் நடக்கிறது, கோட்டை இருக்கிறது, டிராகன் பறக்கிறது. சோறு பொங்குகிறவர் மட்டும் கண்ணில் படுவதில்லை. காதலர்களுக்குப் பின்னால் தொங்கும் நாடகத் திரையாகவே நாடு நின்றுவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ (2023). பிறந்தவுடனேயே தாய் தன் மகனின் நிழலைப் பிய்த்தெறிகிறாள். மகான் என்று உலகம் கொண்டாடும் தகப்பனைக் கொல்லவே அவனை வளர்க்கிறாள். அவனோ அந்த விதியை உதறிவிட்டு ஒரு பெருநகரத்தில் போய் ஒதுங்குகிறான். தெய்வ அருள் கைநழுவிப் போனவர்கள் கூடிப் பேசி மனத்தை ஆற்றிக்கொள்ளும் ஒரு குழுவில் சேர்கிறான். ஊர் கற்பனை ஊர்தான். ஆனால் இனம் பிரிக்கும் சட்டங்கள், பருவம் தவறாமல் வரும் கலவரங்கள், முகாம், முத்திரை குத்திய தாள்களுக்காகக் கால்கடுக்க நிற்கும் வரிசை என்று எதையும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பௌத்தத்தின் பெயரால் நடக்கும் அதிகாரத்தை இலங்கையின் தெற்கிலிருந்து ஒருவர் இவ்வளவு துணிந்து எழுதியது பெரிய விஷயம். நெபுலா விருது பெற்ற அந்த நாவல் 2024 ஆகஸ்டில் உலக அறிவியல் புனைவு மாநாடு எங்கள் கிளைட் ஆற்றங்கரையில் கூடியபோது ஹியூகோ இறுதிப் பட்டியலிலும் இருந்தது. பரிசு வேறொன்றுக்குப் போனது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இதைத் தமிழில் கொண்டுவர ஒரு நல்ல பதிப்பாளர் முன்வர வேண்டும். நடுப்பகுதி சற்றுத் தொய்கிறது, பொறுத்துப் படியுங்கள்.

இந்த வகை எழுத்தே புதிது என்பவர்கள் சுசானா கிளார்க்கின் ‘பிரானேசி’யில் (2020) தொடங்கலாம். முதல் நாவலுக்குப் பிறகு நெடுங்காலம் நோயோடு போராடியவர் எழுதிய சிறிய புத்தகம், முந்நூறு பக்கத்துக்குள். முடிவில்லாத மண்டபங்கள் கொண்ட ஒரு வீடு. கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அங்கே வாழ்கிறவன் அலைகள் ஏறி இறங்கும் நேரத்தைக் குறித்து வைக்கிறான், இறந்தவர்களின் எலும்புகளுக்கு நீரும் உணவும் படைக்கிறான். ஒருநாள் இரண்டு அல்பட்ராஸ் பறவைகள் வந்து சேர, குளிருக்கு எரிக்கச் சேர்த்து வைத்திருந்த காய்ந்த கடற்பாசியை அவை கூடு கட்ட எடுத்துக் கொடுக்கிறான். அவனை அங்கே கொண்டுவந்து போட்டது யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. பின்னட்டையைக்கூடப் பார்க்காமல் முதல் பக்கத்தைத் திறவுங்கள்.

அன்புடன்,
உங்கள் கிளாஸ்கோ நண்பன்