வந்தபோது என்ன காட்டியது?

“தம்பி, போன வருஷம் நாங்க அனுப்பின சரக்கு தப்பா, இல்ல இந்த மாசம் அளந்தது தப்பா?”

பட்டறை முதலாளி போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவருடைய மல்டிமீட்டரைக் காலிபரேஷன் செய்து அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. 0.02 சதவீதத்துக்குள் நிற்க வேண்டிய ஷண்டுகளை, அதாவது மின்னோட்டம் அளக்க உதவும் மின்தடைகளை, அதை வைத்துத்தான் சோதிக்கிறார். மீட்டர் திரும்பி வந்த நாளிலிருந்து எல்லா ஷண்டும் ஒரே அளவுக்குக் குறைவாகக் காட்டுகிறதாம்.

அம்பத்தூரில் ஒரு லேபில் நான் சேர்ந்து அப்போது ஓராண்டு. அந்த ஆறரை இலக்க மீட்டருக்கு, 100 மில்லிவோல்ட் ரேஞ்சில் முழு அளவுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 8.5 மைக்ரோவோல்ட். அளவு தெரிந்த மின்னழுத்தம் தரும் காலிபரேட்டரில் 100 மில்லிவோல்ட் வைத்தேன். மீட்டர் சுமார் 12 மைக்ரோவோல்ட் கூட்டிக் காட்டியது. உடனே சீலைப் பிரித்து அட்ஜஸ்ட் செய்தேன். திரையில் 100.000 வந்ததும் மனசு நிறைந்தது. சான்றிதழில் அதை மட்டுமே எழுதினேன். கருவி வந்தபோது காட்டியதை, ‘ஆஸ் ஃபவுண்ட்’ என்று நாங்கள் சொல்லும் ரீடிங்கை, எங்கும் குறிக்கவில்லை. சரிசெய்தாகிவிட்டது, பழைய தப்பு எதற்கு என்று நினைத்தேன்.

காலிபரேஷன் என்பது ஒப்பிட்டு எழுதுவது. திருத்துவது வேறு வேலை. பயிற்சியில் இதைப் படித்திருந்தேன். கைக்கு அது வந்திருக்கவில்லை.

மீட்டர் மறுபடி லேபுக்கு வந்தது. எங்கள் மேடம் என்னை அன்று போலவே இணைக்கச் சொன்னார். அதே மேசை, அதே ஏசி காற்று, அதே குரோக்கடைல் கிளிப்புகள். 100.000. பிறகு, ஒன்றும் பேசாமல், காலிபரேட்டர் பக்கத்தில் இரண்டு லீடையும் இடம் மாற்றினார். மைனஸ் 99.976. வித்தியாசம் 24 மைக்ரோவோல்ட். அதில் பாதி என் கிளிப்பிலிருந்து வந்தது.

கிளிப்புகளில் நிக்கல் பூச்சு. செம்பும் நிக்கலும் சேரும் இடத்தில், ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோவோல்ட் பிறக்கும். ஒரு கிளிப் என் விரல் சூட்டில், மற்றது ஏசி காற்றில். அரை டிகிரி போதும். வெறும் செம்பு லீடுகளைப் போட்டு அளந்தபோது மீட்டர் 99.988 காட்டியது. நல்ல கருவியை நான்தான் கெடுத்திருக்கிறேன்.

தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜோசப்சன் விளைவைக் கொண்டு நிலைநிறுத்தப்படும் வோல்ட், ஒவ்வொரு படியாக எங்கள் காலிபரேட்டர்வரை இறங்கி வருகிறது. அத்தனை பேர் காத்துக்கொடுத்த சங்கிலி, கடைசி ஒரு சாணில், என் கையில் அறுந்தது. அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

மீட்டரைச் சரிசெய்து, நானே பட்டறைக்குக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அப்போ போன வருஷ சரக்கு சரிதானே, தம்பி? எழுதிக் கொடுங்க.”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கணக்குப்படி மீட்டர் சரியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அது ஊகம்; ஊகத்தைச் சான்றிதழில் எழுத முடியாது. அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் கண்ட எண்ணை ஒரு வரி எழுதியிருந்தால், கிளிப்பின் பிழையோடேனும், கழித்துப் பார்க்க ஏதாவது இருந்திருக்கும்.

அவர் கையிருப்பில் வைத்திருந்த பழைய ஷண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி அளக்க ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டேன். அன்று முதலில் கண்டது 12-ஆ, 13-ஆ? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.