நொறுங்கத் தின்னாத நாட்கள்

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்ற பழமொழிக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது: பல் வேண்டும். எனக்கு வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய், சில மாதம் கழித்து அந்த இடத்தில் ஒரு டைட்டானியத் திருகைப் பதித்தார்கள். கிளினிக்கில் கொடுத்த தாளில் பழமொழிக்கு நேரெதிரான அறிவுரை. ஆறு வாரத்துக்கு அந்தப் பக்கம் எதையும் மெல்லாதே. கீழே சாப்பிடக்கூடியவற்றின் பட்டியல்: மசித்த உருளைக்கிழங்கு, தயிர், சூப், கிளறிய முட்டை, ஓட்ஸ். தேக்காவிலிருந்து பத்து நிமிட நடையில் குடியிருக்கும் ஒருத்தி என்ன சாப்பிடுவாள் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

இம்பிளாண்ட் என்பது பல் இல்லை, பல்லுக்கான வேர். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு டைட்டானியக் கருவியைப் பதித்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. 1965-இல் முதல்முறையாக ஒரு மனிதரின் தாடையில் இதைச் செய்து பார்த்தார். எலும்பு இப்படிப் பிடித்துக்கொள்ள மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். ஆரம்ப வாரங்களில் மென்று மென்று திருகை அசைத்தால் எலும்புக்குப் பதில் நார்போன்ற திசு வளர்ந்துவிடும், திருகு நிற்காது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கடைசியில் மேலே பல் மாட்டுவார்கள். அறுவைச் சிகிச்சைக்கு மெடிசேவிலிருந்து எடுக்கலாம், மேலே மாட்டும் பல்லுக்குக் கைக்காசு. எல்லாம் சேர்த்து ஒரு பல்லுக்குச் சில ஆயிரம் வெள்ளி.

முதல் நாள் சுலபம். பாதி முகம் மரத்திருக்கும்போது பசி தெரிவதில்லை. சூடாக எதுவும் கூடாது. ஸ்ட்ரா கூடாது, உறிஞ்சினால் காயத்தை மூடியிருக்கும் ரத்தக்கட்டு பெயர்ந்துவிடும். குளிர்ந்த தயிர், மசித்த வாழைப்பழம், ஆறவைத்த கேழ்வரகுக் கூழ். மூன்றாம் நாள்தான் வயிறு விழித்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தது.

நம்ம சாப்பாடு மெத்தென்ற சாப்பாடு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இட்லி, இடியாப்பம், பொங்கல், தயிர்சாதம். தையல் போட்ட வாயோடு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, எல்லாவற்றின் தலையிலும் தாளிப்பு. கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிப்போட்ட மிளகாய், கறிவேப்பிலை. தேங்காய்ச் சட்னியில் திப்பி. பொங்கலில் முழு மிளகு. தேக்கா உணவங்காடியில் ஒரு தட்டு இட்லியை வைத்துக்கொண்டு, ஸ்பூன் நுனியால் சட்னியில் இருந்த கடுகை ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். தையலுக்குள் ஒரு கடுகு போய் உட்கார்ந்தால் அன்றிரவு தூக்கம் போச்சு. எதிர் மேசையில் ஒரு தாத்தா புரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் குழம்பில் அமுக்கி வைத்துவிட்டு, அது ஊறும்வரை அவசரமில்லாமல் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வராத ஒரு வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

அன்றிரவு அம்மாவிடம் ஃபோனில் புலம்பினேன். அம்மா மன்னார்குடியில் இருக்கிறாள். வயது அறுபத்தெட்டு.

"கடுக ஏன்டி போடுற? சீரகத்தையும் மிளகையும் நைசா பொடிச்சு வச்சுக்க. நெய்யக் காய வச்சு, அடுப்ப அணைச்சுட்டு அந்தப் பொடியப் போடு. வாசம் எறங்கிடும், வாயில ஒண்ணும் தட்டாது."

அதோடு நிற்கவில்லை. கீரையின் தண்டை முதலிலேயே கிள்ளி எறிந்துவிட வேண்டும். மிக்ஸியில் அடித்தால் கொழகொழவென்று ஆகிவிடும், மத்தால் கடைவதுதான் சரி. இட்லியைப் பாலில் ஊறவைக்காதே, சாம்பார்த் தெளிவில் பத்து நிமிஷம் ஊறவை. பருப்பில் புளி சேர்ப்பதாக இருந்தால் பருப்பு நன்றாகக் குழைந்த பிறகுதான், முன்னாடியே சேர்த்தால் வேகாது. வெறும் கஞ்சியைக் குடித்தே நாளை ஓட்டாதே, வயிறு நிறையும், உடம்பு தேறாது. முட்டை, மீன், பருப்பு ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை உள்ளே போக வேண்டும்.

அந்தக் கடைசிக் குறிப்பைத்தான் டாக்டரும் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்: காயம் ஆறப் புரதம் வேண்டும். ஆனால் அம்மாவின் குறிப்புகள் எங்கேயோ படித்தவை இல்லை. அவளுக்கு மேல்வரிசையில் பாதிப் பல் கிடையாது, கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கிடையாது. வலி வரும், ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் ஒரு தொகை சொல்வார், அம்மா பிடுங்கச் சொல்லிவிடுவாள். பல்செட் ஒன்று செய்தாள். அது ஈறில் உரசுகிறது என்று டம்ளரிலேயே கிடக்கிறது. தாளிப்பதற்கு முன்னால் ஒரு கிண்ணம் குழம்பை எடுத்து ஓரமாக வைப்பது எங்கள் வீட்டு அடுப்படியின் பழக்கம். அது எதற்கு என்பது அந்த ஃபோனில்தான் விளங்கியது.

அடுத்த வாரங்களில் அம்மாவுக்குச் சொல்வதற்காகவே ஊரைச் சுற்றிச் சாப்பிட்டேன். மெல்லாமல் சாப்பிட சிங்கப்பூரைப் போல ஓர் ஊர் அமைவது கஷ்டம். சீனர்களின் கஞ்சியிலேயே ஜாதி உண்டு. தியோச்சியூ கஞ்சியில் சோறு தனியாகத் தெரியும், நம் நீர்க்கஞ்சிக்குச் சொந்தம். கான்டனீஸ் கஞ்சியில் பருக்கையே கரைந்து பட்டுப் போல இருக்கும். மீன் துண்டைப் போட்டு, வெங்காயத்தாளையும் வறுத்த வெங்காயத்தையும் வேண்டாம் என்று சொல்லி வாங்கினால், ஆறிய பிறகு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இறங்கும். இதை ஆங்கிலத்தில் காஞ்ஜீ என்கிறார்கள். அந்தச் சொல் நம் கஞ்சியிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. அரிசி மாவைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் வேகவைக்கும் சுவீ குவே இட்லியின் ஒன்றுவிட்ட தங்கை. மேலே வைக்கும் உப்பு முள்ளங்கியை மட்டும் தள்ளிவிட வேண்டும். சோயாப் பாலை உறையவைத்த தாவ் ஹுவேயை நாக்காலேயே நசுக்கிவிடலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "அந்தச் சோயா தயிரு நல்லாருக்கும்போல" என்றாள்.

உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது என்று உணவை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது தமிழ். எனக்குப் போனது தின்பது ஒன்றுதான். முறுக்கு, அப்பளம், கரும்பு. மற்ற மூன்றும் கையிலேயே இருந்தன. ருசியும் எங்கும் போகவில்லை, சீரகப் பொடி விழுந்த நெய்யும் பருப்பும் நான் இந்த வருஷம் சாப்பிட்டவற்றில் முதல் வரிசை. போனது வேறு ஒன்று. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஏழு பேராகப் போவோம், இருபது நிமிஷத்தில் எழுந்துவிடுவோம். என் கஞ்சி ஆறவே பத்து நிமிஷம் ஆனது. இரண்டாம் வாரத்திலிருந்து, நீங்க போங்க என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சாப்பிட்டேன்.

கல்யாண வீடுகளில் அம்மா எப்போதும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவாள். அதில் மெதுவாகச் சாப்பிடலாம், இடத்துக்காக யாரும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க மாட்டார்கள்.

ஆறாவது வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, இதுவரை நன்றாகவே ஆறிவருகிறது என்றார். அப்போது அம்மாவின் பல்செட்டைப் பற்றிக் கேட்டேன். பல் போன இடத்தில் தாடை எலும்பு வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே போகும், பழைய அச்சில் செய்த செட் தளர்ந்து உரசத்தான் செய்யும், உள்பக்கத்தைத் திருத்தலாம் அல்லது புதிதாக அளவெடுக்கலாம் என்று விளக்கினார். கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு இம்பிளாண்ட் வைத்து அதன்மேல் செட்டை மாட்டுகிற வழியும் இருக்கிறதாம்.

இரண்டாவது வழியை முதலில் சொன்னேன். விலையைக் கேட்டாள்.

"எனக்கெதுக்குடி இவ்ளோ காசு? இருக்கறத வச்சு எனக்குச் சாப்பிடத் தெரியும்."

தெரியும்தான். ஆறு வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டதே அவளுக்குத் தெரிந்ததை வைத்துத்தான். ஆனால் எனக்கு முடிவுத் தேதி போட்ட ஒரு தாள் இருந்தது. அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. தெரியும் என்பதற்காகவே ஒருத்தி கடைசிப் பந்திக்காகக் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டுமா? இதை அவளிடம் இப்படிச் சொல்ல முடியாது, சிரித்துவிடுவாள். ஆவணியில் தம்பி கல்யாணம் வருகிறது என்பதை மட்டும் நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "சரி, அந்த செட்ட வேணா திருத்திக்கறேன், புதுசெல்லாம் வேணாம்" என்றாள். இந்த மாதக் கடைசியில் தஞ்சாவூரில் டாக்டரைப் பார்க்கப் போகிறாள்.