பிறர் ஓட்டிய மின் சைக்கிள்

பிறர் கைபட்ட பொருளை விலைக்கு வாங்குவது கௌரவக் குறைவு என்னும் எண்ணம் நம்மவரிடத்தில் இன்னும் வேரூன்றியே நிற்கிறது. கடன்பட்டேனும் புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்துவோர் பலர். சைக்கிளில் போகிறவனைக் கண்டு, 'பாவம், என்ன கஷ்டமோ!' என்று இரங்குவோர் அதனினும் பலர். செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நான், மற்றொருவர் பத்து மாதம் ஓட்டிக் கைவிட்ட மின்சார மலைச் சைக்கிள் ஒன்றைச் சென்ற வருஷம் 7,000 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அன்று முதல் அந்த இரக்கத்துக்கு நானும் ஆளாகி வருகிறேன். விலையைக் கேட்டதும் இரக்கம் திகைப்பாக மாறிவிடுகிறது. 'அந்தப் பணத்துக்கு மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாமே!' என்பார்கள்.

வாங்கியிருக்கலாம். ஆனால் நான் உட்கார்ந்து பிழைப்பவன். காலை முதல் மாலை வரை பேரேடும் கணினியுமே கதி. முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை வரம்பை நெருங்கிவிட்டதென்று வைத்தியர் எச்சரித்தார். 2019ஆம் வருஷத்தில் மலேசிய அரசாங்கம் நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிந்தது. நம் இனத்தாரிடையே விகிதம் அதனினும் அதிகம். சாதாரணச் சைக்கிளில் எங்கள் தோட்டத்து மேடுகளை ஏறிப் பார்த்தேன். இரண்டாம் மேட்டிலேயே இறங்கித் தள்ள நேர்ந்தது. ஒரு வாரத்தில் உற்சாகம் அடங்கிவிட்டது.

மின் சைக்கிள் என்றவுடன், மிதிக்காமலே ஓடும் வண்டி என்று பலரும் எண்ணுகிறார்கள். நான் சொல்லும் வகை அவ்வாறானதன்று. மிதிகட்டை சுழலும் அச்சிலேயே மோட்டார் அமைந்திருக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறதென்பதை உள்ளிருக்கும் கருவி அளந்து சொல்ல, அதற்குத் தக்கபடி மோட்டார் துணை செய்கிறது. கால் நின்றால் அதுவும் நின்றுவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் துணை கிடையாது. ஜப்பானிய யமஹா கம்பெனியார் 1993ஆம் வருஷத்தில் இத்தகைய மிதித்துணை வண்டியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மலைச் சைக்கிளின் பிறப்போ அதற்கும் முந்தியது. 1970க்குப் பிந்திய வருஷங்களில், கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில், தடித்த டயருள்ள பழைய வண்டிகளை மலிவாக வாங்கிச் சீர்படுத்தி ஓட்டிய இளைஞரிடமிருந்தே அது தோன்றியது. பழைய பொருளை இகழும் நண்பர்கள் இதைச் சற்றே கவனிக்க வேண்டுகிறேன்.

விற்றவர் பெட்டாலிங் ஜெயாவில் வசிக்கும் ஒரு பாங்கி உத்தியோகஸ்தர். வண்டி பளபளவென்றிருந்தது. ஆனால் இவ்வகை வண்டியில் பளபளப்பைப் பார்ப்பதால் பிரயோஜனமில்லை, பாட்டரியைப் பார்க்கவேண்டும். லித்தியம் பாட்டரி, நிரப்பிக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது. சும்மா கிடந்தாலும் தேய்கிறது. முழுக்க நிரப்பி உஷ்ணமான இடத்தில் வைத்தால் இன்னும் வேகமாகத் தேய்கிறது. நமது நாட்டுத் தகரக் கூரையின் கீழ் அதன் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தனியே வாங்கினால் 2,000 வெள்ளிக்கு மேலாகும் அந்த ஓர் உறுப்பே பழைய வண்டியின் உயிர். எனவே பேரம் தொடங்குமுன், வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அவர் சம்மதம் கேட்டேன். கடைக்காரர் தம் கருவியை இணைத்து, பாட்டரி 31 முறையே முழு அளவுக்கு நிரப்பப்பட்டிருப்பதாகக் கூறினார். வண்டி ஓடிய தூரம் 1,100 கிலோமீட்டர். இரண்டு கணக்கும் பொருந்தின. வாங்கிய ரசீதிலிருந்த எண்ணையும் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணையும் ஒப்பிட்டேன். திருட்டு வண்டிக்கு எஜமானனாவதில் எனக்கு விருப்பமில்லை. பாட்டரிப் பூட்டின் இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்கினேன். சங்கிலி நீண்டுபோயிருந்ததைக் காட்டி 500 வெள்ளி குறைக்கச் செய்தேன். கணக்கெழுதும் தொழில் இதற்காவது உதவட்டுமே!

வைத்திருப்பதிலும் தொல்லைகள் உண்டு. மனிதன் பலத்தோடு மோட்டாரின் பலமும் சங்கிலி வழியே செல்வதால் அது விரைவில் தேய்கிறது. செம்பனை மட்டையின் முள் எந்த டயரையும் மதிப்பதில்லை. மழை பெய்தால் செம்மண் ஒட்டிக்கொள்ளும். வேகமாகப் பீய்ச்சும் குழாயால் கழுவினால் மோட்டாருக்குள் நீர் புகக்கூடுமாகையால் துணியால்தான் துடைக்கவேண்டும். பாட்டரியை வீட்டுக்குள் நிழலான இடத்தில் வைக்கிறேன். ஓட்டாத வாரங்களில் பாதியளவே நிரப்பி வைப்பது. ஒருமுறை முழுக்க நிரப்பும் மின்சாரச் செலவு ஐம்பது காசைத் தாண்டுவதில்லை. ஆறு மாதத்துக்குப் பின் இரத்தப் பரிசோதனையில் 6.1 என்றிருந்த அளவு 5.8 ஆயிற்று. சிங்கப்பூரிலுள்ள என் மைத்துனர் இதைக் கேட்டு, தமக்கும் இதே வண்டி வேண்டுமென்றார். அங்கே 20 கிலோவுக்கு மேற்பட்ட மின் சைக்கிளைச் சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. என்னுடையதோ 23 கிலோ. அவர் இங்கே வரும்போதெல்லாம் ஓட்டிவிட்டுப் போகிறார்.

தோட்டத்துச் சைக்கிளுக்கு ஒரு சரித்திரம் உண்டு, வாசகர்களே. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டுமென்பது அக்காலத்து வழக்கம். கிராணிமாருக்கும் அந்த மரியாதை எதிர்பார்க்கப்பட்டது. 1941ஆம் வருஷத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல் முதலிய கோரிக்கைகளோடு, மேலாளர் முன்னும் உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இறங்கி நிற்கச் சொன்ன வரிசையில் என் உத்தியோகமும் இருந்ததென்பதை நான் மறப்பதற்கில்லை.

அதனாலேயே, சில வாரங்களுக்கு முன் வங்காளதேசத்து இளைஞன் ஒருவன், ஒற்றையடிப் பாதையில் என்னைக் கண்டதும் தன் பழைய சைக்கிளிலிருந்து குதித்து ஓரமாக நின்றபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. நானும் இறங்கினேன். எனக்காக இறங்க வேண்டாம், இனி எவருக்காகவும் இறங்க வேண்டாமென்று மலாய் மொழியில் சற்று நீளமாகவே எடுத்துரைத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, பிரேக் இல்லை, குதித்தால்தான் நிற்கும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பட்டணத்துக் கடைக்குப் போய்ப் பிரேக் கட்டைகளும் கம்பியும் வாங்கிவந்து மாட்டினோம். பதினான்கு வெள்ளி ஆயிற்று. பாதியை அவனே கொடுப்பேனென்று பிடிவாதமாக நின்றான், வாங்கிக்கொண்டேன். பிறகு என் வண்டியை வாங்கி மூன்றாம் மேடு வரை ஏறிப் போனான். இறங்கி வர நெடுநேரமாயிற்று.